பார்த்துக்கொள்ள ஆள் உண்டா?

ஓட்டல்களுக்கு நட்சத்திரம் போடுவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2008 டிசம்பரில் அமெரிக்க அரசு முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கும் நட்சத்திரம் போட ஆரம்பித்தது. ஒன்று முதல் ஐந்து வரை. அந்த நாட்டில் சுமார் 15,000 இல்லங்கள் உண்டு. ஏறத்தாழ 12 லட்சம் பேர் அவற்றில் வாழ்கிறார்கள். பக்கவாதம் வந்த அப்பாவை எங்கே சேர்ப்பது என்று தெரியாமல் திண்டாடும் மகள் அரசின் பட்டியலில் ஊர்ப் பெயரைத் தேடினால் போதும், சுற்றுவட்டார இல்லங்கள் எல்லாம் நட்சத்திரத்தோடு வரிசையாக வந்து நிற்கும்.

நட்சத்திரம் என்பது மூன்று கணக்குகளின் கூட்டு. முதலாவது, மாநில அரசின் ஆய்வாளர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து பார்த்து எழுதும் குறைகளின் பட்டியல். இரண்டாவது, எத்தனை நர்சுகள், எத்தனை உதவியாளர்கள், ஒரு முதியவருக்கு ஒரு நாளில் எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்ற ஆள் கணக்கு. மூன்றாவது, எத்தனை பேருக்குப் படுக்கைப்புண் வந்தது, எத்தனை பேர் விழுந்து அடிபட்டார்கள், எத்தனை பேருக்கு மனநோய் மருந்து கொடுக்கப்படுகிறது என்பது போன்ற தரக் குறியீடுகள். ஆய்வைப் பொறுத்தவரை மாநிலத்தின் முதல் பத்து சதவீத இல்லங்களுக்கு ஐந்து நட்சத்திரம், கடைசி இருபது சதவீதத்துக்கு ஒன்று. கச்சிதமான ஏற்பாடு என்றுதான் தோன்றும்.

பிறகு ஓட்டைகள் தெரிய ஆரம்பித்தன. மூன்றில் இரண்டு கணக்குகளை இல்லங்களே எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தன. மாணவனிடமே விடைத்தாளைக் கொடுத்துத் திருத்தச் சொன்ன கதை. 2014-ல் நியூயார்க் டைம்ஸ் இதை விரிவாக எழுதியது. ஆள் கணக்கைச் சம்பளப் பட்டியலிலிருந்தே எடுப்பது என்று அரசு வழியை மாற்றிக்கொண்டது. 2018 முதல் நட்சத்திரத்துக்கு அதுதான் ஆதாரம்.

தரக் குறியீடுகளின் கதை இன்னும் மோசம். மறதிநோய் வந்தவர் நடுராத்திரியில் எழுந்து நடப்பார், கத்துவார், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்து பேசிச் சமாதானப்படுத்த ஆள் இல்லாத இடத்தில் ஒரு மாத்திரை அந்த வேலையைச் செய்துவிடும். இப்படி மருந்து கொடுத்து மயக்கி வைப்பதைத் தடுக்கத்தான் அந்தக் குறியீட்டைச் சேர்த்தார்கள். மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கு அதே மருந்து அவசியம் என்பதால் அவர்களை மட்டும் கணக்கிலிருந்து விட்டுவிட்டார்கள். நியாயமான விதிவிலக்கு. ஆனால் 2021 செப்டம்பரில் அதே பத்திரிகை தோண்டிப் பார்த்தபோது, இல்லங்களில் இருக்கும் ஒன்பது பேரில் ஒருவருக்கு மனச்சிதைவு என்று எழுதியிருந்தது. பொது மக்களில் சுமார் 150 பேரில் ஒருவருக்கு வரும் நோய் இது. பெரும்பாலும் நாற்பது வயதுக்குள் வெளிப்பட்டுவிடும். எண்பது வயதில் இத்தனை பேருக்கு எப்படி வந்தது? மாத்திரை அப்படியே இருக்க, கேஸ் ஷீட்டில் நோயின் பெயர் மாறியிருந்தது. 2023-ல் அரசு இந்த நோய்க்குறிப்புகளைத் தணிக்கை செய்யத் தொடங்கியது.

அளவுகோல் வந்த இடத்தில் அதை ஏமாற்றும் வழியும் வரும் என்று சொல்லி இதைத் தாண்டிப் போய்விடலாம். அதற்கு அடியில் வேறொரு கேள்வி இருக்கிறது. பராமரிப்பு என்பது அளக்கக்கூடியதுதானா? படுக்கைப்புண்ணை எண்ணலாம், விழுந்தவர்களை எண்ணலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைத்தார்களா என்பதைப் பதிவேட்டில் டிக் அடிக்கலாம். புரட்டிய கை ஒரு மனிதரைப் புரட்டுகிறோம் என்ற நினைப்போடு புரட்டியதா என்பதற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை. படுத்திருப்பவருக்கோ அந்த நாளில் அதுதான் எல்லாம்.

மருத்துவத் தரத்தை அளப்பதற்கு இலக்கணம் எழுதியவர் அவேடிஸ் டோனபீடியன். 1919-ல் பெய்ரூட்டில் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்தவர், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அமைப்பு, செயல்முறை, விளைவு என்ற மூன்று அடுக்கை 1966-ல் அவர் எழுதிய கட்டுரைதான் நிலைநாட்டியது. கட்டடமும் ஆட்களும் அமைப்பு. அவர்கள் செய்யும் வேலை செயல்முறை. நோயாளிக்குக் கடைசியில் கிடைப்பது விளைவு. இன்றைய மருத்துவ மதிப்பீடுகள் பெரும்பாலும் இந்த வாய்ப்பாட்டின் வாரிசுகள். அப்படிப்பட்டவர், 2000-ல் இறப்பதற்குச் சற்று முன்பு, தானே புற்றுநோயாளியாகப் பிறர் கவனிப்பில் இருந்தபோது ஒரு பேட்டி கொடுத்தார். தரத்தின் ரகசியம் கடைசியில் அன்புதான் என்றார். நோயாளியிடம், தொழிலிடம், கடவுளிடம் அன்பு இருந்தால் பின்னோக்கிப் போய் அமைப்பைக் கண்காணித்துச் சரிசெய்துவிடலாம் என்பது அவர் சொன்னதன் சாரம்.

வாழ்நாள் முழுக்க அளவுகோல் செய்தவரே சொன்னதால் இதை வெறும் உருக்கம் என்று தள்ளிவிட முடியாது. அதற்காக, ஆய்வாளர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து ‘அன்பு: திருப்திகரம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதையும் நினைத்துப் பார்க்க முடியாது.

அன்பைத் தகுதிப் பட்டியலில் சேர்த்தவர்களில் டோனபீடியன் முதல் ஆள் இல்லை. திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும் உழைச்செல்வான். பரிமேலழகர் தம் உரையில் இந்த நான்குக்கும் நான்கு நான்கு தகுதிகள் சொல்கிறார். உழைச்செல்வானுக்கு அவர் தருபவை: நோயாளியிடம் அன்பு, மனம் மொழி உடல் மூன்றிலும் தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் திறமை, அறிவு. சரக சம்ஹிதையும் கிட்டத்தட்ட இதே நான்கைத்தான் கேட்கிறது: பணிவிடை தெரிந்திருத்தல், சாமர்த்தியம், பற்று, சுத்தம். நான்கில் மூன்றை இன்றைக்கும் சான்றிதழைப் பார்த்தோ நேரில் சோதித்தோ சொல்லிவிடலாம். அன்பு மட்டும் பிடி கொடுப்பதில்லை.

பௌத்தர்களின் விநய பிடகம் இந்த விஷயத்தில் ஒரு முழு வழக்கையே பதிவு செய்து வைத்திருக்கிறது. அதன் மகாவக்கப் பகுதியில் வரும் சம்பவம் அது.

புத்தர் ஆனந்தரோடு பிட்சுக்களின் இருப்பிடங்களைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வருகிறார். ஓரிடத்தில் வயிற்றுப்போக்கால் துவண்டுபோன பிட்சு ஒருவர் தன் மலமூத்திரத்திலேயே கிடக்கிறார். என்ன நோய் என்று கேட்கிறார் புத்தர். அடுத்த கேள்வி, பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்பது. இல்லை என்கிறார் அவர். மற்ற பிட்சுக்கள் ஏன் பார்த்துக்கொள்ளவில்லை? நான் அவர்களுக்கு உபயோகமாக எதையும் செய்ததில்லை, அதனால் என்னை யாரும் கவனிப்பதில்லை என்று பதில் வருகிறது. ஆனந்தர் தண்ணீர் கொண்டுவருகிறார். புத்தர் ஊற்ற, ஆனந்தர் கழுவுகிறார். தலைப்பக்கம் புத்தரும் கால்பக்கம் ஆனந்தரும் பிடித்துத் தூக்கிப் படுக்கையில் கிடத்துகிறார்கள்.

கூட்டம் கூட்டுவது அதற்குப் பிறகுதான். வீட்டை விட்டு வந்த உங்களுக்கு இங்கே தாயும் இல்லை, தந்தையும் இல்லை. நீங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள் என்ற ரீதியில் பேசுகிறார். பேச்சோடு விடவில்லை. குரு, சீடர், உடன் உறைபவர் என்று பொறுப்பாளிகளை வரிசைப்படுத்துகிறார். இவர்களில் ஒருவரும் இல்லாத பிட்சுவைச் சங்கமே பார்த்துக்கொள்ள வேண்டும், தவறினால் குற்றம். பிறகு, நல்ல பணிவிடையாளருக்கு ஐந்து தகுதிகள். மருந்து தயாரிக்கத் தெரிய வேண்டும். எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்து, ஒத்துக்கொள்வதைக் கொடுத்து மற்றதை விலக்க வேண்டும். ஆதாயத்துக்காகச் செய்யாமல் அன்பினால் செய்ய வேண்டும். மலம், மூத்திரம், எச்சில், வாந்தி எடுக்க அருவருக்கக் கூடாது. அவ்வப்போது நல்ல வார்த்தை சொல்லித் தெம்பூட்ட வேண்டும்.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இந்தப் பட்டியலை அப்படியே எடுத்து இன்றைய முதியோர் இல்லத்தின் வேலைவாய்ப்பு விளம்பரத்தில் போடலாம். மூன்றாவது மட்டும் இடிக்கும். இல்லத்தில் வேலை பார்க்கும் பெண் சம்பளத்துக்குத்தான் வருகிறார். வீட்டில் அவருடைய பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் அந்தச் சம்பளத்தில்தான் கட்டப்படுகிறது. காசுக்குச் செய்யும் கவனிப்பில் அன்பு இருக்க முடியுமா?

முடியாது என்பதுதான் ஊரில் பொதுவான எண்ணம். பெற்றவர்களை ‘ஹோமில் போட்டுவிட்டான்’ என்று உறவுக்காரர்கள் சொல்லும்போது அந்த ஏச்சுக்குள் இருப்பது இந்தத் தத்துவம்தான்: ரத்த உறவு செய்தால் அன்பு, கூலி ஆள் செய்தால் வெறும் வேலை. இதன் இன்னொரு வடிவம் துறவிகளின் தொண்டு. 1839-ல் பிரான்ஸின் பிரித்தானி பகுதியில் ழான் ஜூகான் என்ற பெண், பார்வையில்லாத, பக்கவாதம் வந்த ஒரு மூதாட்டியைத் தன் வீட்டுக்குத் தூக்கி வந்து தன் கட்டிலையே கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ‘ஏழைகளின் சிறிய சகோதரிகள்’ சபை. 1882-ல் கொல்கத்தாவுக்கு வந்து இந்தியாவிலும் முதியோருக்கு இல்லங்கள் நடத்துகிறது. பிச்சை எடுத்தே இல்லத்தை நடத்துவது அவர்கள் மரபு. 2009-ல் ஜூகானுக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். சம்பளம் இல்லாத அன்புக்கு இதைவிட நல்ல சாட்சி தேட வேண்டாம்.

அதே 2009-ல் அயர்லாந்தில் ரயன் ஆணைய அறிக்கையும் வெளிவந்தது. கத்தோலிக்கத் துறவற சபைகள் நடத்திய சிறுவர் காப்பகங்களில் பல பத்தாண்டுகள் நடந்த கொடுமைகளை அது பக்கம் பக்கமாகப் பதிவு செய்தது. அவற்றை நடத்திய துறவிகளும் சம்பளத்துக்கு வராதவர்கள்தான். ரத்த உறவைப் பற்றியும் இதே அளவுக்குச் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. பெற்றோரைப் பராமரிக்காத பிள்ளைகளிடமிருந்து ஜீவனாம்சம் வாங்கிக் கொடுக்க இந்தியா 2007-ல் தனிச் சட்டம் போட்டு, அதற்கென்று தீர்ப்பாயங்கள் அமைக்க வேண்டிவந்தது. சம்பளம் வாங்காததோ, வயிற்றில் பிறந்ததோ அன்புக்கு ஜாமீன் ஆகாது.

அப்படியானால் அந்த மூன்றாவது தகுதியை என்ன செய்வது? விடை விநயத்திலேயே, அடுத்த ஓர் இடத்தில் இருக்கிறது. பிட்சு ஒருவர் இறந்துபோனால் அவருடைய உடைமைகள் சங்கத்துக்குச் சேரும். ஆனால் அவருடைய சீவர ஆடையும் பாத்திரமும் நோயில் அவரைப் பார்த்துக்கொண்டவர்களுக்குப் போக வேண்டும் என்று புத்தர் விதி செய்கிறார். பணிவிடை செய்தவர்கள் பெரும் உதவி செய்தவர்கள் என்பது அதற்கு அவர் தரும் காரணம். ஆதாயத்துக்காகச் செய்யாதே என்று சொன்னவரே செய்தவருக்கு ஆதாயம் கிடைக்க வழி செய்தார். இதில் முரண்பாடு எதுவும் இல்லை. கூலி கொடுப்பது சங்கத்தின் கடமை. கூலியையே பார்த்துக்கொண்டு வேலை செய்யாமல், எதிரில் கிடப்பவரைப் பார்த்து வேலை செய்வது பணிவிடையாளரின் கடமை. ஒன்று இருப்பதால் மற்றது இல்லாமல் போவதில்லை.

எதிரில் கிடப்பவரைப் பார்த்துச் செய்கிறாரா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியும் விஷயம். மனதைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. இதைப் பிடித்துக்கொண்டவர் டாம் கிட்வுட் என்ற ஆங்கிலேயர். ஒரு காலத்தில் ஆங்கிலிக்கன் பாதிரியாராக இருந்து பிறகு உளவியலுக்கு வந்தவர். பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மறதிநோய் பராமரிப்பை ஆராய்ந்து 1997-ல் முக்கியமான நூல் ஒன்றை எழுதினார். அடுத்த வருடம் இறந்துவிட்டார். மூளை சிதைவதால் மட்டும் மனிதர் சிதைவதில்லை, சுற்றி இருப்பவர்கள் நடத்தும் விதத்தாலும் சிதைகிறார் என்பது அவர் வாதம். அவரும் சகாக்களும் உருவாக்கிய முறையில், பயிற்சி பெற்ற பார்வையாளர் பொதுக்கூடத்தின் மூலையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, தான் கவனிக்கும் ஒவ்வொரு முதியவரும் என்ன செய்துகொண்டிருந்தார், முகம் எப்படி இருந்தது, யாராவது அவரிடம் பேசினார்களா என்று குறித்துக்கொள்வார். ஏமாற்றுவது, குழந்தையைப் போல நடத்துவது, பயமுறுத்துவது, அவர் இருக்கும்போதே இல்லாத மாதிரி பேசிக்கொள்வது, கிண்டல் செய்வது என்று மனிதரைக் கீழிறக்கும் பதினேழு பழக்கங்களைக் கிட்வுட் பெயர் சூட்டிப் பட்டியல் போட்டிருந்தார்.

இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. பார்வையாளர் குளியலறைக்குள்ளும் கழிப்பறைக்குள்ளும் போவதில்லை. டயப்பர் மாற்றும்போது கதவைச் சாத்தினார்களா, குளிப்பாட்டும்போது உடம்பின் மீதிப் பகுதியைத் துண்டால் மூடினார்களா என்பது அவர் கண்ணில் படாது. அதைச் சொல்லக்கூடியவர் குளித்து வந்தவர் மட்டும்தான்.

கிட்வுட்டின் பட்டியலில் உள்ள ஒன்றைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். மதியச் சாப்பாட்டு நேரம். விழுங்கச் சிரமப்படும் ஒருவருக்குக் குழைய மசித்த ரசம் சாதத்தை ஊட்டுகிறார்கள். ஒரு ஸ்பூன் வாயில் போகிறது. அவர் அதை நாக்கால் புரட்டி, கன்னத்தில் ஒதுக்கி, மறந்து, மறுபடி நினைவு வந்து விழுங்க வேண்டும். தொண்டை ஏறி இறங்குவது வெளியிலிருந்தே தெரியும். அது இறங்குவதற்குள் அடுத்த ஸ்பூன் உதட்டில் வந்து இடித்தால், அது கிட்வுட் குறித்துவைத்த அவசரம். முந்திய கவளம் வாயில் இருக்கும்போதே அடுத்ததும் போனால் புரை ஏறும். உணவு நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா. தொண்டையைப் பார்த்து ஊட்டுபவரும் ஊட்டுகிறார், கிண்ணத்தைப் பார்த்து ஊட்டுபவரும் ஊட்டுகிறார். ‘மதிய உணவு கொடுக்கப்பட்டது’ என்று இரண்டு பேருக்கும் ஒரே டிக். பரிமேலழகர் கேட்ட அன்பு இந்த ஸ்பூனில் இருக்கிறதா இல்லையா என்பதை வாசலில் நிற்கும் யாரும் பார்த்துச் சொல்லிவிடலாம்.

அன்பு என்ற பெயரில் நடக்கும் தவறுகளும் உண்டு. நாற்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவரைக் ‘குட்டிப் பையன் இன்னைக்கு மம்மம் சாப்பிடலையா’ என்று கொஞ்சுகிறவர் பாசமாகத்தான் கொஞ்சுகிறார். எல்லாவற்றையும் தானே செய்துவிடுகிறவரும் நல்லெண்ணத்தில்தான் செய்கிறார். 1976-ல் எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து இல்லம் ஒன்றில் செய்த சோதனை இந்த இடத்தைத் தொட்டது. ஒரு மாடியில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது, எந்த நாளில் படம் பார்ப்பது என்பதெல்லாம் உங்கள் முடிவு என்றார்கள். ஆளுக்கொரு செடியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, அதை வளர்ப்பது உங்கள் பொறுப்பு என்றார்கள். இன்னொரு மாடியில் செடியைக் கொடுத்து, தண்ணீர் ஊற்றுவதை நர்சுகள் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். சில வாரங்களிலேயே முதல் மாடிக்காரர்கள் சுறுசுறுப்பாகவும் உற்சாகமாகவும் இருப்பது தெரிந்தது. மொத்தமே 91 பேர் என்பதால் புள்ளிவிவர ரீதியில் இதை ஓர் அளவுக்கு மேல் இழுக்கக் கூடாது. ஆனாலும் எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்ற அறிவு அன்புக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று விநயமும் பரிமேலழகரும் சொன்னது இதனால்தான். அறிவில்லாத அன்பு முதியவரைப் பொம்மையாக்கிவிடும்.

இனி, அன்பும் அறிவும் உள்ள ஒரு பணிப்பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவர் பொறுப்பில் ஊட்டிவிட வேண்டியவர்கள் எட்டுப் பேர். தொண்டையைப் பார்த்து நிதானமாக ஊட்டினால் ஒருவருக்கு அரை மணி நேரம். எட்டுப் பேருக்கு நான்கு மணி நேரம். மதியச் சாப்பாட்டுக்கு ஒதுக்கிய நேரம் ஒன்றரை மணி. இந்தக் கணக்கில் அவர் அன்னை தெரசாவாகவே இருந்தாலும் கிண்ணத்தைப் பார்த்துத்தான் ஊட்டியாக வேண்டும். முதல் வாரம் குற்ற உணர்ச்சி இருக்கும். ஆறாவது மாதம் அதுவும் மரத்துப்போகும். பிறகு வரும் ஆய்வாளர், இங்கே பணியாளர்களிடம் கனிவு இல்லை என்று எழுதுவார்.

அமெரிக்கர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒரு முதியவருக்கு நாளொன்றுக்கு 4.1 மணி நேர நர்சிங் கவனிப்பு கிடைத்தால்தான் தரம் குறையாமல் இருக்கும் என்று 2001-ல் அரசுக்குக் கொடுக்கப்பட்ட ஆய்வு சொன்னது. இருபது வருடத்துக்கு மேல் இழுத்தடித்து, 2024-ல் 3.48 மணி நேரம் கட்டாயம் என்று விதி வந்தது. செலவு தாங்காது, ஆள் கிடைக்காது என்று இல்ல உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2025 ஏப்ரலில் டெக்சாஸில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் விதியின் முக்கியமான பகுதிகளை ரத்து செய்துவிட்டது.

ஆள் எண்ணிக்கைக்கு அடுத்தது, இருக்கும் ஆள் நிலைப்பது. 2021-ல் வெளியான ஓர் ஆய்வு சம்பளப் பட்டியல்களை வைத்துப் பார்த்தபோது, அமெரிக்க இல்லங்களில் நர்சிங் பணியாளர்கள் வேலையை விட்டுப் போகும் விகிதம் சராசரியாக வருடத்துக்கு 128 சதவீதம். நூறு பேர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரே வருடத்தில் 128 பேர் விலகல். ஒரு முதியவரின் தொண்டை எப்படி இறங்கும், எந்தத் தோளைத் தொட்டால் வலிக்கும், இறந்துபோன மனைவியின் பெயரை எப்போது சொல்லக் கூடாது என்பதெல்லாம் பழகித்தான் தெரியும். தெரிந்துகொண்டவர் போய்விட்டால் எல்லாம் முதலிலிருந்து. வெளியாட்களின் வருகை நின்றுபோவதே இப்படிப் பாதிக்கும் என்று ரிச்சர்ட் ஷுல்ஸ் என்ற உளவியலாளர் 1970-களில் காட்டினார். முதியோர் இல்லவாசிகளைக் கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து வந்து பார்த்தார்கள். எப்போது வருவார்கள் என்று முன்கூட்டித் தெரிந்தவர்களும், வரும் நேரத்தைத் தாங்களே முடிவு செய்தவர்களும் நன்றாகத் தேறினார்கள். சோதனை முடிந்து மாணவர்கள் வருவது நின்ற பிறகு, அதிகம் தேறியவர்களே அதிகம் சரிந்தார்கள்.

அன்பை அளக்க முடியாது என்பது உண்மையாகவே இருக்கட்டும். அன்பு செலுத்த ஒருவருக்கு நேரம் இருக்கிறதா, பழகிய முகம் அடுத்த வருடமும் அங்கே இருக்கிறதா என்பதை அளக்கலாம். அமெரிக்காவே 2022 ஜூலை முதல் வேலையை விட்டுப் போகும் விகிதத்தையும் நட்சத்திரக் கணக்கில் சேர்த்திருக்கிறது. பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்று விநயத்தில் புத்தர் கேட்டதும் ஆள் கணக்குதான். அன்பைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு வருகிறது.

இந்தியாவில் அரசு போடும் நட்சத்திரம் கிடையாது. 2007 சட்டத்தின் 19-வது பிரிவு, மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது தொடங்கி, ஆதரவற்ற முதியோர் 150 பேரையாவது தங்க வைக்கலாம் என்கிறது. ‘வேண்டும்’ என்று சொல்லவில்லை, ‘லாம்’ என்று விட்டுவிட்டது. தனியார் இல்லங்களுக்குப் பதிவையும் குறைந்தபட்சத் தரத்தையும் நாடு முழுவதும் கட்டாயமாக்கும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது, நிலைக்குழுவுக்குப் போனது, அந்த மக்களவையின் காலம் முடிந்ததும் காலாவதியானது. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டத்தில் உரிய அனுமதி இல்லாமல் நடந்துவந்த ஆசிரமம் ஒன்றிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். அடித்தார்கள், சங்கிலியில் கட்டி வைத்தார்கள் என்றெல்லாம் புகார்கள் வந்தன. நன்கொடையாளர்கள் நம்பிக் கொடுத்துவந்த இடம் அது. தொண்டு என்று சொன்னால் நம் ஊரில் கணக்குக் கேட்பது அநாகரிகம் என்று ஒரு நினைப்பு உண்டு. நோயாளியைக் கவனிக்காவிட்டால் குற்றம் என்று துறவிகளுக்கே விதி எழுதியவர் அந்த நாகரிகத்தைப் பார்க்கவில்லை.

அதனால் அம்மாவையோ அப்பாவையோ சேர்க்க இல்லம் தேடிப் போகிறவர்கள் தரையில் டைல்ஸ் மின்னுகிறதா, பூஜை அறை இருக்கிறதா, வாரத்துக்கு எத்தனை நாள் பாயசம் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் போங்கள். மானேஜர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே ஊட்டுகிற கையைப் பாருங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் எத்தனை முதியவர்களுக்கு எத்தனை ஆட்கள் என்று கேளுங்கள். இங்கே வேலை பார்ப்பவர்களில் போன வருடமும் இருந்தவர்கள் யார் யார் என்று கேட்டு, அவர்களில் ஒருவரோடு தனியாக ஐந்து நிமிடம் பேசுங்கள். சம்பளம் மாதா மாதம் சரியாக வருகிறதா என்று அவரிடமே விசாரியுங்கள். உங்கள் அம்மாவுக்குக் கிடைக்கப்போகும் பொறுமை அந்தப் பதிலில் இருக்கிறது. எண்ணைச் சொல்லாமல் ‘இங்கே எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி’ என்று மட்டும் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

அமெரிக்காவில் ஒவ்வொரு இல்லமும் அன்றன்றைக்கு எந்த ஷிஃப்டில் எத்தனை நர்சுகள், எத்தனை உதவியாளர்கள், எத்தனை முதியவர்கள் என்பதை எல்லார் கண்ணிலும் படும்படி எழுதி மாட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசு இல்லம், அறக்கட்டளை இல்லம், மாதம் ஐம்பதாயிரம் வாங்கும் இல்லம் எதுவானாலும் வாசலில் அப்படி ஒரு பலகை வைப்பதற்குப் பெரிய செலவு ஆகாது. நட்சத்திரம் வரும்போது வரட்டும். அரசு முதலில் அந்தப் பலகையைக் கட்டாயமாக்க வேண்டும்.